சூசை என்றால் என்ன பொருள்?

ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தையின் பெயரைக் கேட்கும் வேளை, பங்குக் குருவின் பணிகளுள் மிகச் சிறியதென்று பலரும் எண்ணுவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக யாமும் அவ்வாறே எண்ணி வந்தோம். பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று கட்டங்களை நிரப்பிக் கையொப்பமிட்டால் பணி முடிந்தது. அந்த முதற் கட்டத்திற்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் முட்டிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதை யாம் அண்மையில்தான் உணர்ந்தோம்.

புதுச்சேரி நகரத்தின் பழைய பங்குகளுள் ஒன்றில் யாம் பணியாற்றுகையில், ஓர் இளம் தம்பதியர் தங்கள் தலைமகனுக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தனர். குழந்தைக்கு ஜோயல் என்று பெயர் குறித்து வைத்திருந்தனர். நல்ல பெயர், இறைவாக்கினர் ஒருவரின் பெயர். அவர்களோடு வந்திருந்த குழந்தையின் பாட்டனார் மட்டும் எதுவும் பேசாமல் கதவோரத்தில் நின்றார். அவர் பெயர் சூசை. அவ்வீட்டில் தலைப்பிள்ளைக்கு அதே பெயரை இடுவது மரபு என்பதை யாம் அறிவோம். எனவே, "தாத்தா பெயரைச் சேர்க்கவில்லையா?" என்று கேட்டோம். மகன் சற்றுத் தயங்கிவிட்டு, "நீங்கதானே ஃபாதர் சொன்னீங்க, அந்தப் பேருக்கு அர்த்தம் எதுவும் இல்லைன்னு" என்றார்.

சொன்னதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மார்ச்சு 19 திருவிழாப் பிரசங்கத்தில், யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் சிறப்பை விளக்கும் ஆர்வத்தில், "நாம் வழங்கும் சூசை என்பது வெறும் ஒலிச் சிதைவு, அதற்குப் பொருளில்லை" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கடந்து போயிருந்தோம். குருமடத்தில் கற்ற எபிரேயத்தைக் கொஞ்சம் காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது என்பதை மறைப்பானேன். கேட்டவர்களுள் எத்தனை சூசைகள், சூசைநாதர்கள், சூசைமாணிக்கங்கள், சூசையம்மாள்கள் இருந்தனர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பெரியவர் அன்றும் எதுவும் கேட்கவில்லை. இப்போது மெல்ல, "சாமியே சொன்னப்புறம் நாங்க என்னத்தச் சொல்றது?" என்றார். அவ்வளவே.

அந்த வாக்கியம் பிழையானது. எவ்வாறு பிழையானது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தொடக்கநூலின் 30ஆம் அதிகாரத்தில் இப்பெயர் பிறக்கிறது. யாக்கோபின் அன்பு மனைவி ராகேல் மலடி என்னும் பழிச்சொல்லோடு நெடுங்காலம் வாழ்ந்தாள். அவள் அக்காள் லேயாவுக்கோ பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தனர். நம் ஊர்க் கூட்டுக் குடும்பங்களில் வாழ்ந்த பெண்களுக்கு அந்த வீட்டின் காற்று எப்படி இருந்திருக்கும் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் ராகேலுக்கு ஒரு மகன் பிறந்தான். 'கடவுள் என் இழிவை நீக்கிவிட்டார்' என்னும் கருத்தில் அவள் முதலில் பேசுகிறாள். நீக்குதல், எடுத்துவிடுதல் என்பதற்கு எபிரேயச் சொல் 'அசாஃப்'. அடுத்த வசனத்திலேயே, 'ஆண்டவர் எனக்கு இன்னொரு மகனையும் கூட்டித் தருவாராக' என்று வேண்டி, அவனுக்கு யோசேப்பு என்று பெயரிடுகிறாள். கூட்டுதல், மிகுத்தல் என்பதற்கு எபிரேயச் சொல் 'யசாஃப்'. 'யோசேஃப்' என்பது அதிலிருந்து வரும் வினைமுற்று: அவர் கூட்டுவார், அல்லது கூட்டுவாராக.

இலக்கண அடிப்படையில் இப்பெயர் இரண்டாவது வினைக்கே உரியது. ஆயினும் வேதாகம ஆசிரியர் இரண்டு ஒலிகளையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைக்கிறார். கழித்தலும் கூட்டலும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. பழியைக் கழித்தவர், பேற்றைக் கூட்டுவாராக. ஒரு பெண்ணின் பழைய வேதனையும் வருங்கால ஆசையும் ஒரே மூச்சில் வெளிப்பட்ட சொல் இது.

பெயரிடும்போதே அடுத்த பிள்ளையைக் கேட்கிறாளே, கையிலிருப்பது போதாதா என்று எமக்கு இளமையில் தோன்றியதுண்டு. பின்னர் 35ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது அந்த எண்ணம் மாறிற்று. அவள் கேட்ட இன்னொரு மகன் பிறக்கவே செய்தான். எப்ராத்துக்குச் செல்லும் வழியில், கடும் பேறுகால வேதனையில் அவனைப் பெற்று அவள் உயிர் நீத்தாள். போகும் உயிரோடு அவனுக்கு பெனோனி, அதாவது என் துயரத்தின் மகன் என்று பெயரிட்டாள். தந்தையோ அதை மாற்றி பென்யமின், வலக்கையின் மகன் என்று அழைத்தான். யோசேப்பு என்னும் பெயரிலிருந்த மன்றாட்டு நிறைவேறிய விதம் அது. பெயர்களின் பொருளைப் பட்டியலிடும் சிறு புத்தகங்களில் 'யோசேப்பு: கடவுள் பெருக்குவார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வழியோரக் கல்லறை ஒன்று இருப்பதை அவை சொல்வதில்லை.

இப்பெயரின் முழு வடிவம் 'யெகோசேஃப்' என்பதாகவும் வழங்கியது. திருப்பாடல் 81இன் எபிரேய மூலத்தில் இவ்வடிவம் காணப்படுகிறது. இறைவனின் திருப்பெயரே சொல்லின் முன்னால் ஒட்டி நிற்பதாக அது ஒலிக்கிறது. 1990ஆம் ஆண்டு எருசலேமின் தென்பகுதியில் சாலை வேலை நடந்தபோது ஒரு கல்லறைக் குகை வெளிப்பட்டது. அதிலிருந்து கிடைத்த எலும்புப் பேழைகளுள், அழகிய வேலைப்பாடு கொண்ட ஒன்றில் 'யெகோசேஃப் பர் கயஃபா' என்று கீறப்பட்டிருந்தது. இயேசுவை விசாரித்த தலைமைக் குரு கயபாவின் இயற்பெயர் யோசேப்பு என்பதை வரலாற்றாசிரியர் யோசேஃபுஸ் முன்னமே எழுதி வைத்துள்ளார். எழுதியவர் பெயரும் யோசேப்பு என்பதைக் கவனிக்க. ஆண்டவரின் பாடுகளின் வரலாற்றில் ஒரு யோசேப்பு அவரைக் கொலைத் தீர்ப்புக்குக் கையளித்தார்; அரிமத்தியாவைச் சேர்ந்த இன்னொரு யோசேப்பு தம் கல்லறையை அவருக்குக் கொடுத்தார். திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்தால் பர்சபா எனப்பட்ட யோசேப்பு, பர்னபா எனப்பட்ட யோசேப்பு என்று மேலும் இருவர் வருகின்றனர். அக்காலத்துப் பாலஸ்தீன யூதரிடையே சிமியோனுக்கு அடுத்து மிகப் பரவலாக வழங்கிய ஆண்பெயர் இதுவே என்பர் பெயராய்வாளர். எனவேதான் ஒவ்வொரு யோசேப்புக்கும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. நம் பங்குகளிலும் பெரிய சூசை, கடைக்கார சூசை என்று சொல்வதில்லையா, அது போல.

இனி, சிதைவு என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம்.

எபிரேயத்தில் யோசேஃப் என்றிருந்ததை மக்கள் வாயில் யோசே என்று சுருக்குவது அக்காலத்து வழக்கம். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவரின் சகோதரர் எனக் குறிப்பிடப்படும் ஒருவர் பெயரின் கிரேக்க வடிவம் இத்தகைய சுருக்கமே. சிரியாக் மொழி இதனை யவுசேப்பு என்றது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடுகளில் அது ஔசேப்பு ஆயிற்று. அரபியர் யூசுப் என்றனர். திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திற்கே அப்பெயர்தான். காரைக்கால் மரைக்காயர் வீடுகளில் அது இன்றும் புழங்குகிறது. இத்தாலியர் ஜுசெப்பே என்றனர், பிரெஞ்சுக்காரர் 'ழொசெஃப்' என்றனர், போர்த்துக்கீசியர் 'ழுசே' என்றனர். இவற்றுள் எது சிதைவு, எது செம்மை? எபிரேயனுக்கு எல்லாமே அயல் உச்சரிப்புத்தான்.

போர்த்துக்கீசியர் வாயிலிருந்தே தமிழர் இப்பெயரைக் கேட்டனர். 1530களின் நடுவில் முத்துக்குளித்துறையில் பரவர் குலத்தார் திருமுழுக்குப் பெற்ற காலந்தொட்டு, கடற்கரைக் கிறித்தவத்தின் பெயர்கள் பலவும் அம்மொழி வழியாகவே வந்தன. அம்மொழியின் முதலெழுத்தான 'ழு' என்பதைப் போன்ற உரசொலி தமிழில் இல்லை. ஆகவே சகரம் அவ்விடத்தைப் பிடித்தது. எழுத்தில் ஒகரமாயிருப்பினும் அவர்கள் ஒலிப்பில் உகரமாகவே கேட்கும். அது சூ என நீண்டது. நடுவிலுள்ள ஒலி மீண்டும் சகரமாயிற்று. ஈற்று எகரம் தமிழ் இயல்புக்கேற்ப ஐகாரமாயிற்று. அவர்களின் 'மெசா' நம் வீட்டில் மேசை ஆனதும், 'கோப்பு' கோப்பை ஆனதும், 'ழனெலா' சன்னல் ஆனதும் இதே வழியில்தான். மேசையைச் சிதைவு என்று எவரும் தூக்கி எறிவதில்லை. ஒரு மொழி தன் காதுக்கும் நாவுக்கும் ஒத்த வகையில் ஓர் அயற்சொல்லைத் தனதாக்கிக்கொள்ளும்போது அங்கே நிகழ்வது சிதைவன்று, குடியேற்றம். யாம் அன்று பீடத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை இதில் ஒரு வியப்பு உண்டு. பிரான்சுவா மர்த்தேன் இங்கே 1674இல் காலூன்றினார். அன்று தொடங்கிப் பிரெஞ்சு ஆட்சி ஆங்கிலேயரால் இடையிடையே குறுக்கிடப்பட்ட போதிலும் 1954 நவம்பர் 1 வரை நீடித்தது. கப்புச்சின் துறவியர், இயேசு சபையார், பாரிஸ் வேதபோதக சபையார் என்று பிரெஞ்சுக் குருக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே திருமுழுக்கு அளித்தனர். ஊரை ஆண்ட துரைகளுள் பெயர்பெற்ற துய்ப்ளேயின் முழுப்பெயர் ழொசெஃப் பிரான்சுவா துய்ப்ளே. 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்தவர். அவர் மனைவி ழான் பேகம். ழான் என்பதும் யோவான் என்னும் எபிரேயப் பெயரின் பெண்பால் வடிவமே. கணவனும் மனைவியும் எபிரேயப் பெயர்களோடு இவ்வூரை ஆட்டி வைத்தனர் என்பது பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதாமல் விட்டாலும் நாம் புன்னகைக்கலாம். கிளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827இல் பிரான்சிலிருந்து வந்து பள்ளி தொடங்கினர். அவர்கள் சபையின் பெயரிலேயே 'ழொசெஃப்' இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு நம் பாட்டிமார் மார்ச்சு மாத வணக்கத்தில் சூசையப்பரைத்தான் கூப்பிட்டனர். 'ழொசெஃப்' அலுவலகத்திலும் பள்ளிப் பதிவிலும் நின்றது, செபத்திற்குள் நுழையவில்லை. பிரெஞ்சுக் குருக்கள் வருமுன்னரே தமிழ்க் கிறித்தவரின் செபமொழி உருவாகிவிட்டிருந்தது என்பதே இதற்குக் காரணமாகலாம். ஆட்சியாளர் மாறினர், செபமாலை உருட்டும் உதடுகள் மாறவில்லை. பிரெஞ்சுக் குருமாரும் அதைக் கெடுக்க முனையாமல், சூசை என்று வாயால் சொல்லக் கேட்டதைத் தங்கள் எழுத்துக் கணக்குப்படி பதிவேட்டில் எழுதிக்கொண்டனர். பழைய ஏடுகளைப் புரட்டும்போது பிரெஞ்சு எழுத்துகளுக்குள்ளிருந்து ஒரு தமிழ்க் குரல் வருவது போலிருக்கும்.

நகரத்தின் பெயர்களே இப்படிப்பட்டவைதாம். பேராலயத்தை மக்கள் சம்பா கோவில் என்கின்றனர். சம்பா நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இயேசு சபையார் அவ்விடத்தில் கட்டிய பழைய ஆலயம் பவுலடியார் பெயரைத் தாங்கியிருந்ததால் 'சேம் போல்' என்பது சம்பா ஆயிற்று. இன்றுள்ள பேராலயம் 1791இல் எழுந்தது. அமல அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் சம்பா போகவில்லை. மறுபுறம், புதுச்சேரி அயலார் வாயில் பாண்டிச்சேரி ஆகி, ஆவணங்களிலெல்லாம் அவ்வாறே நிலைத்து, 2006இல்தான் சட்டப்படி மீண்டும் புதுச்சேரி ஆயிற்று. பெயர்கள் இருவழியும் பயணம் செய்கின்றன.

ஒலியைக் கடன் வாங்குவது ஒரு வழி. பொருளைப் பெயர்ப்பது மற்றொரு வழி. அவ்வழியில் தமிழில் எவரும் செய்யாததைச் செய்தவர் வீரமாமுனிவர்.

1680இல் இத்தாலியில் பிறந்த அவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. பெயரின் நடுவிலேயே சூசை இருப்பதைக் காண்க. முதற்பெயர் உறுதியுடையவன் எனப் பொருள்படும். அதனைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். இரண்டாம் பெயரையோ தமக்கென வைத்துக்கொள்ளாமல், தாம் பாடிய காப்பியத்தின் தலைவனுக்குக் கொடுத்தார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் சூசையப்பர். தச்சுத் தொழிலாளி ஒருவரைக் காப்பியத் தலைவராக்கிய துணிவைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஈண்டு எமக்கு வேண்டுவது அவருக்கு முனிவர் இட்ட தமிழ்ப் பெயர்: வளன். அவர் பிறப்பைச் சொல்லும் பகுதிக்கே வளன் சனித்த படலம் என்று பெயர்.

யோசேஃப் என்றால் கூட்டுதல், பெருக்குதல். தமிழில் அதற்கு நிகர் வளம், வளர்ச்சி. வளம் என்பதன் ஈற்று மகரம் னகரமாக மாறினால் வளன். அறம் அறன் ஆவது போல, நலம் நலன் ஆவது போல, கடைப்போலி என்று நம் இலக்கணம் இதனைக் கூறும். இவ்வளவில் நின்றிருந்தாலே நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் வளன் என்னும் சொல்லின் ஈறு தமிழ் ஆண்பால் ஈறாகவும் நிற்கிறது. அதனால் ஒரே சொல் பண்பையும் குறிக்கிறது, பண்புடைய ஆடவனையும் குறிக்கிறது. எபிரேயத்தில் ஒரு வினைமுற்று ஆளின் பெயராய் நிற்பது போல, தமிழில் ஒரு பண்புப்பெயர் ஆளின் பெயராய் நிற்கிறது. இத்தாலியில் பிறந்து முப்பது வயதுக்கு மேல் தமிழ் கற்றவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எமக்கு வெட்கமும் பெருமையும் ஒருசேர உண்டாகின்றன. தொடக்கநூலின் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு சாகும் தறுவாயில் யோசேப்பைக் கனிதரும் செடிக்கு ஒப்பிடுவதையும் முனிவர் மனத்திற் கொண்டிருக்கக் கூடும். வளம் என்னும் சொல்லில் நீரும் பயிரும் சேர்ந்தே வருகின்றன அல்லவா.

தேம்பாவணிக்கும் நம் நகருக்கும் நேரான உறவு உண்டு. ஓலையிலிருந்த அக்காப்பியம் 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறியது புதுச்சேரி மிஷன் அச்சகத்தில்தான். பெரியநாயகி அன்னைக்கு முனிவர் எழுப்பிய ஆலயம் உள்ள கோணான்குப்பமும் எம் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது. ஆயினும் வளன் என்னும் பெயர் வளனார் என்று கல்லூரிகளுக்கும் நூல்களுக்கும் சென்ற அளவுக்கு வீடுகளுக்குள் செல்லவில்லை. சூசை மீனவன் வாயிலும் வண்டிக்காரன் வாயிலும் நின்றான். வளன் புலவர் வாயில் நின்றான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் யோசேப்பு என்றே எழுதுகிறது. ஆகவே ஒரே ஞாயிறு திருப்பலியில், வாசகத்தில் யோசேப்பையும் பாடலில் வளனாரையும் செபத்தில் சூசையப்பரையும் நாம் சந்திக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் இம்மூவரும் அண்ணன் தம்பிகளா என்று எம்மிடம் கேட்டதுண்டு.

பொருளைப் பெயர்க்கும் இவ்வழியில் வேறு சில பெயர்களும் பிறந்தன. யோவான் என்பதன் எபிரேய மூலம் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' எனப் பொருள்படும். அதனின்று அருளப்பன் வந்தது. தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானை முனிவர் கருணையன் என்கிறார். லாசர் என்பது எலயாசர் என்னும் பெயரின் குறுக்கம். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு அப்பெயர் தேவசகாயம் என்று வழங்கப்பட்டது. 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது, உரோமைப் பேராலய முற்றத்தில் ஒலித்தது எபிரேயப் பெயரின் தமிழாக்கம். தேவசகாயம் என்று பெயர்கொண்ட எத்தனையோ பேர் தம் பெயர் பெத்தானியாவிலிருந்து வந்ததென்று அறியாமலே வாழ்ந்திருப்பர்.

இவ்விடத்தில் எம் நகரத்திற்கே உரிய இன்னொரு பெயர்க்கதையைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இங்குள்ள இந்தியர் தம் சமய, சாதி வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர விரும்பினால் வரலாம் என்றாயிற்று. அவ்வாறு துறந்தோரை ரெனோன்சான் என்பர். துறக்கும் ஒவ்வொருவரும் தம் வழித்தோன்றல்களுக்கும் நிலைக்கத்தக்க ஒரு குடும்பப் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்னோடியாய் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் காலணியோடு நீதிமன்றம் புகுந்ததற்காக வழக்கில் சிக்கி, பிரான்சின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாபோர்த்; பிரெஞ்சில் வாசற்கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியே ஒடுக்கப்பட்ட கிறித்தவர் பலரும் நுழைந்தனர். சாதிப் பட்டத்தால் அடையாளம் காணப்பட்டவனுக்கு, அடையாளம் காட்டாத ஒரு பெயர் எத்தகைய விடுதலை என்பதைப் பட்டத்தோடு பிறந்தவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். சிலர் பிரெஞ்சுச் சொற்களைக் குடும்பப் பெயராக ஏற்றனர். சிலர் விவிலியப் பெயர்களையே ஏற்றனர். தம் பெயரை விட்டுக்கொடுத்தார்கள் என்று அவர்களைப் பழிப்பது எமக்கு உடன்பாடன்று.

பழைய ஏற்பாட்டு யோசேப்புக்கும் இதுவே நேர்ந்தது. எகிப்தில் பார்வோன் அவனுக்குப் பட்டாடையும் பொற்சங்கிலியும் அணிவித்தபோது சாபனாத்து பனேகா என்று எகிப்தியப் பெயரும் சூட்டினான். அதன் பொருளை அறிஞர் இன்றும் விவாதிக்கின்றனர். பதவியோடு வந்த பெயர் அது, யோசேப்பு மறுக்கவில்லை. ஆனால் எகிப்திலேயே, எகிப்தியத் தாயின் வயிற்றில் தனக்குப் பிறந்த இரு புதல்வருக்கும் அவன் எபிரேயப் பெயர்களையே இட்டான். மூத்தவன் மனாசே, 'மறக்கச் செய்தார்'. இளையவன் எப்ராயிம், 'பலுகச் செய்தார்'. தந்தை வீட்டை மறந்துவிட்டேன் என்று தந்தை வீட்டு மொழியிலேயே பெயரிடுகிற மனிதனை நாம் என்னவென்று சொல்வது? அலுவலகத்தில் பிரெஞ்சுப் பெயரோடு கையொப்பமிட்டு, மாலையில் வீடு திரும்பித் தமிழில் செல்லப்பெயரிட்டுப் பிள்ளையை அழைத்த புதுச்சேரித் தகப்பன்மார் பலரை எமக்குத் தெரியும். அவர்கள் இருவராகப் பிளந்து போகவில்லை.

பதிவேட்டுக்குத் திரும்புவோம். பழைய திருச்சபைச் சட்டம் பெற்றோர் புனிதர் பெயரை இடாவிடில் குருவே ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து எழுதும்படி கூறியது. 1983இன் சட்டத் தொகுப்பு கிறித்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் ஆகாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. எனவே ஜோயலை மறுக்க எமக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. 'ஆண்டவரே கடவுள்' என்று பொருள்படும் பெயரை யார் மறுப்பார்? ஞாயிறு மாலை ஜோயல் என்றே தண்ணீர் வார்த்தோம். சூசை என்பதைச் சேர்க்கச் சொல்லி யாம் வற்புறுத்தவில்லை. ஒருமுறை பேசிக் கெடுத்தவன் மறுமுறையும் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது அகந்தை.

சில நாட்கள் கழித்துப் பெரியவரை வீட்டில் சென்று பார்த்தோம். மேலே எழுதியவற்றுள் பாதியை அவரிடம் சொன்னோம். பிரசங்கத்தில் சொன்னது தவறு என்பதையும் சொன்னோம். மேசை, சன்னல் கதைக்குச் சிரித்தார். வளன் என்னும் பெயர் அவருக்குப் புதிது. இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ராகேல் கதையைக் கேட்கும்போது மட்டும் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது பிள்ளையில போயிட்டாளா சாமி?"

"ஆம், வழியிலேயே."

"இன்னொண்ணு குடுன்னு கேட்டதாலயா?"

யாம் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் இறையியல் படித்தும், இத்தனை ஆண்டுகள் தொடக்கநூலை விளக்கியும், இக்கேள்வியை எம்மிடம் எவரும் கேட்டதில்லை. இல்லை ஐயா, அப்படியில்லை என்று மட்டும் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, தமக்கு முன் தம் தாய்க்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை என்றும், நான்காவதாகத் தாம் வயிற்றிலிருந்தபோது பாட்டியார் புதன்கிழமைதோறும் விரதமிருந்து சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டதாகவும் சொன்னார். "அதனாலதான் இந்தப் பேரு. எங்க ஆயாவுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது சாமி. இந்த எபிரேயமெல்லாம் அதுக்கு எங்க தெரியப் போவுது?"

உள்ளறையில் குழந்தை விழித்து அழுதது. மருமகள் ஜோயல், ஜோயல் என்று தாலாட்டும் குரல் கேட்டது. பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, எம்மை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.